அடிக்கோடு விழாத எண்கள்

1942ஆம் ஆண்டு. போர்க்கால லண்டனில், சதர்ன் ரயில்வேயின் விளம்பரப் பிரிவில் இயான் ஆலன் என்ற இளைஞர் எழுத்தராக இருந்தார். இன்ஜின்களைப் பற்றி விவரம் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அவர் வேலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லா இன்ஜின்களின் எண்களையும் ஒரே புத்தகமாகப் போட்டுவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. மேலதிகாரிகள் ஆர்வம் காட்டாததால் தானே அச்சிட்டார். விலை ஒரு ஷில்லிங். 2,000 பிரதிகளும் சீக்கிரமே விற்றுத் தீர்ந்தன. அடுத்தடுத்து மற்ற கம்பெனிகளின் இன்ஜின்களுக்கும் 'ஏபிசி' புத்தகங்கள் வந்தன. பிரிட்டனில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் பென்சிலும் கையுமாக நடைமேடை ஓரங்களில் நிற்கத் தொடங்கினார்கள்.

விதி ஒன்றே ஒன்றுதான். கண்ணால் பார்த்த இன்ஜினின் எண்ணுக்குக் கீழே கோடு போடலாம். பார்க்காத எண் வெறுமனே நிற்கும். நண்பன் பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது.

பெயர் பொறித்த பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜின்களுக்குத்தான் எல்லோரும் தவம் கிடந்தார்கள். ஆனால் ஒவ்வொரு இன்ஜினும் ஏதோ ஒரு ஷெட்டுக்குச் சொந்தம். அந்த ஷெட்டுக்கு ஒதுக்கிய வண்டிகளையே பெரும்பாலும் இழுக்கும். லண்டன் கிங்ஸ் கிராஸில் நிற்கும் பையனுக்கு லண்டன் ஷெட்டின் இன்ஜின்களே திரும்பத் திரும்ப வந்து வாய்க்கும். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் அவன்தான் அங்கே போக வேண்டும். கைச்செலவுக் காசில் அவ்வளவு தூரம் போவது எப்படி? பல இன்ஜின்கள் ஓய்வில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஷெட்டுக்குள் நுழைந்து, ஃபோர்மேனிடம் மாட்டிக்கொண்டு வெளியே துரத்தப்பட்டவர்கள் ஏராளம். வேறு விதமாகவும் வாய்ப்பு கை நழுவும். காத்திருந்த இன்ஜின் கடக்கிற அந்த நொடியில் எதிர்த்திசை வண்டி குறுக்கே வந்து மறைத்துவிடும். அல்லது அது பழுதுபார்ப்புக்குப் போயிருக்கும், வேறொன்று வரும்.

அந்த ஏமாற்றங்களுக்கெல்லாம் மருந்து இருந்தது. நீராவி இன்ஜின் முப்பது நாற்பது ஆண்டு உழைக்கக்கூடியது. இந்தக் கோடையில் கிடைக்காதது அடுத்த கோடையில் கிடைக்கும். 1948இல் ரயில்வே நாட்டுடைமையானபோது ஏறக்குறைய 20,000 நீராவி இன்ஜின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அத்தனையும் இல்லாமல் போகும் என்று எந்தப் பையன் நினைத்திருப்பான்?

1955இல் நவீனமயத் திட்டம் அறிவிக்கப்பட்டது. டீசலும் மின்சாரமும் வந்தன. 1960இல் ஸ்விண்டன் பட்டறையில் கட்டிய 'ஈவினிங் ஸ்டார்'தான் பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி இன்ஜின். ஐந்தே ஆண்டுகளில், 1965இல், அதையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 1968 ஆகஸ்ட்டோடு பிரதான பாதைகளில் நீராவியின் அன்றாட ஓட்டம் நின்றது. எண்கள் புத்தகத்தில் இருந்தன. அவற்றுக்குரிய இன்ஜின்கள் கழிவிரும்புக் கிடங்கில் துண்டுகளாகக் கிடந்தன.

இதில் என்னால் மன்னிக்க முடியாத ஒன்று உண்டு. 'சில்வர் லிங்க்' என்பது ஏ4 வகையின் முதல் இன்ஜின். 1935இல் வெள்ளோட்டத்திலேயே மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் ஓடி நாட்டையே வியக்க வைத்தது. அதே வகையைச் சேர்ந்த 'மல்லார்ட்' 1938இல் 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு உலகச் சாதனை செய்ததால் அருங்காட்சியகத்துக்குப் போனது. சில்வர் லிங்க்கை 1963இல் வெட்டிவிட்டார்கள். அதே ஆண்டு ஆலன் பெக்லர் என்ற தனி மனிதர் 3,000 பவுண்டு கொடுத்து 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' இன்ஜினை வாங்கிக் காப்பாற்றினார். ஒரு இன்ஜினின் உயிர் அன்று அவ்வளவு மலிவு.

வேல்ஸின் பாரி என்ற ஊரில் டய் உட்ஹாம் நடத்திய கழிவிரும்புக் கிடங்கு மட்டும் விதிவிலக்கு. அவர் சரக்கு வேகன்களை முதலில் வெட்டினார். இன்ஜின்கள் கடற்காற்றில் துருப்பிடித்தபடி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. அப்படி 213 இன்ஜின்களை ஆர்வலர்கள் மீட்டார்கள். கிழக்குப் பகுதி இன்ஜின்கள் அங்கே போய்ச் சேர்ந்தது மிக அபூர்வம். அந்தப் பகுதியில் ஓடிய பெப்பர்கார்ன் ஏ1 வகையில் 60114 முதல் 60162 வரை 49 இன்ஜின்கள் இருந்தன. கடைசியாக எஞ்சிய 'செயின்ட் மங்கோ'வைக் காப்பாற்ற எடுத்த முயற்சியும் பலிக்காமல் 1966இல் அதுவும் வெட்டுப்பட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இன்றைய ரயில் ஆர்வலருக்குத் தகவல் பஞ்சமே இல்லை. சரக்கு ரயில்கூட எந்த நிலையத்தை எத்தனை மணிக்குக் கடக்கும் என்று கைப்பேசி சொல்லிவிடும். முன்னால் இருப்பது எந்த இன்ஜின் என்பதை முந்தைய நிலையத்தில் நின்றவர் படத்தோடு அனுப்பியிருப்பார். வருவதுதான் ஒன்றுபோலவே இருக்கிறது. 1998 முதல் இறங்கிய 'கிளாஸ் 66' டீசல்கள் நானூறுக்கும் மேல், எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பயணி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி இன்ஜினே கிடையாது. சிறப்பு ஓட்டமாக நீராவி இன்ஜின் வரும் நாளில் மட்டும் பழைய படபடப்பு திரும்புகிறது. வறண்ட கோடையென்றால் தீப்பொறி பறந்து புல் பற்றும் என்று அஞ்சி டீசலை மாட்டி அனுப்பிவிடுவார்கள். வேலியோரம் முக்காலியை நிறுத்தி மணிக்கணக்கில் காத்திருந்தவருக்கு அது பெரிய அடி. குறுக்கே வண்டி வந்து மறைக்கும் பழைய தொல்லையும் அப்படியேதான் இருக்கிறது.

நழுவியவற்றில் சில திரும்பியும் வந்தன. வட அமெரிக்கா போய்விட்ட இரண்டு ஏ4 இன்ஜின்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, 2013இல் யார்க் அருங்காட்சியகத்தில் எஞ்சியிருந்த ஆறையும் ஒருசேர நிறுத்தினார்கள். ஏ1க்கு அந்த வழியும் இல்லையே! ஆகவே 1990இல் ஒரு குழு கூடி, பொதுமக்களிடம் பணம் திரட்டி, பழைய வரைபடங்களை வைத்துப் புதிதாகவே ஒன்றைக் கட்டத் தொடங்கியது. 2008இல் 'டொர்னாடோ' ஓடியது. எண் 60163, அழிந்த வரிசைக்கு அடுத்தது. செலவு சுமார் 30 லட்சம் பவுண்டு. 1966இல் ஒரே ஒரு இன்ஜினை நிறுத்தி வைத்திருந்தால் இவ்வளவுக்குத் தேவை இருந்திருக்காது.

1976இல் அதிவேக டீசல் வண்டிகள் வந்தபோது நீராவிப் பிரியர்கள் பலர் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. 2019இல் அதே வண்டிகள் லண்டன் பாடிங்டனிலிருந்து விடைபெற்றபோது வழியனுப்பக் கூட்டம் கூடியது. அவற்றில் ஒன்றான 43002ஐ வெட்ட அனுப்பாமல் அந்த ஆண்டே யார்க் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தன் வகையில் முதலாவது அது. சில்வர் லிங்க்குக்குக் கிடைக்காத இடம் அதற்குக் கிடைத்தது.