தாகம் தீர்க்கும் நிலையான தர்மம்

உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே உண்டாக்கியதாகத் திருமறையில் வல்ல அல்லாஹ் அறிவிக்கின்றான். ஆகவேதான், தாகித்தவருக்கு நீர் வழங்குவதை இஸ்லாம் தலைசிறந்த தர்மங்களுள் வைத்துப் போற்றுகின்றது. மறைந்த தம் அன்னையாரின் பொருட்டுச் செய்யத்தக்க சிறந்த தர்மம் யாதென ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் வினவியபோது, தண்ணீரே என விடையளித்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். ஸஅத் (ரலி) அவர்களும் கிணறொன்று தோண்டித் தம் அன்னையாரின் பெயரால் அர்ப்பணித்தார்கள்.

முஹாஜிர்கள் மதீனா வந்தடைந்த காலத்தில், ரூமாக் கிணற்றின் நன்னீர் விலைக்கே விற்கப்பட்டது. உஸ்மான் (ரலி) அவர்கள் அக்கிணற்றைத் தம் சொந்தப் பொருளால் வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள். வாங்கியவரின் வாளியும் ஏனையோர் வாளிகளுள் ஒன்றே என்பது அந்தத் தர்மத்தின் நிபந்தனை. செல்வர், வறியர், வழிப்போக்கர் யாவரும் அங்கே சமமாயினர்.

சோதனைக்குள்ளாகும் நீர்நிலைகள்

இன்று அத்தகைய நீர்நிலைகள் புதியதொரு சோதனைக்கு ஆளாகியுள்ளன. பங்களாதேஷின் தென்மேற்குக் கடலோரத்தை நோக்குவோம். குல்னா, சாத்கிரா, பாகர்ஹாட் மாவட்டங்களின் பல கிராமங்களில் நிலத்தடி நீர் உவர்நீர். அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருப்பது மழைநீர் தேங்கும் குளங்களையே. 2009 மே 25-ஆம் நாள் வீசிய ஆய்லா புயல் மண்கரைகளை உடைத்துக் கடல்நீரை ஊர்களுக்குள் புகுத்தியது. உடைந்த கரைகள் அடைபடும் வரை ஓதநீர் நாள்தோறும் வந்து போயிற்று; குடிநீர்க் குளங்கள் உப்பாயின. 2007-இல் சித்ர், 2020-இல் ஆம்பன், 2024-இல் ரீமால் எனப் புயல்கள் தொடர்ந்தன. கடல்மட்டமோ உயர்ந்துகொண்டே வருகின்றது. ஒரு குடம் நன்னீருக்காகப் பெண்கள் நெடுந்தூரம் நடக்கின்றனர். தாகோப் பகுதிக் கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள், உப்புநீருக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் தொடர்புண்டு எனக் காட்டியுள்ளன.

இதற்கு மாற்றுவழிகள் இல்லாமலில்லை. குளக்கரையை வெள்ளமட்டத்திற்கு மேல் உயர்த்தி, கால்நடைகள் இறங்காதவாறு வேலியிடலாம். அடிபம்பினால் குளத்து நீரை இறைத்து, மணலும் சரளைக்கல்லும் நிரப்பிய தொட்டி வழியே வடித்தெடுக்கலாம். கூரையில் விழும் மழையைச் சேமிக்கலாம். 20 சதுர மீட்டர் தகரக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2,000 லிட்டர் நீர் கிட்டும். ஐவர் கொண்ட குடும்பம் ஏழுமாத வறட்சியில் பருகுவதற்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம், சுமார் 3,150 லிட்டர் போதுமன்றோ!

கட்டியபின் காப்பவர் யார்?

ஆயினும், அங்கே கட்டப்பட்ட மணல் வடிகட்டிகள் பல, புயலால் மட்டுமன்றிப் பராமரிப்பின்மையாலும் பயனற்றுப் போயின. மணலைக் காலந்தோறும் கழுவாவிடில் வடிகட்டி அடைபடும்; ஒரு தோல் வாஷர் தேய்ந்தால் பம்பே ஓய்ந்துவிடும். கிணறு தோண்டிப் பெயர்ப்பலகை நாட்ட முன்வருவோர் பலர். வாஷருக்குப் பணம் தருவோரோ சிலர். இக்குறை அந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று.

நம் மார்க்கச் சட்ட மேதைகள் இதனை முன்பே உணர்ந்திருந்தனர். வக்ஃபின் வருமானத்தில் முதற்செலவு அதன் பழுதுபார்ப்புக்கே உரியது, வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை விதிக்காவிடினும் சரியே, என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. மூலப்பொருள் அழிந்தால் நன்மையும் நின்றுவிடும் அல்லவா? கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மக்காவுக்கு நீர்க்கால்வாய் அமைத்தார். அது பலமுறை பழுதடைந்தது, பலமுறை செப்பனிடப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா அப்பணிக்குப் பொருளுதவி செய்தார். ஒருவர் தொடங்கிய தர்மத்தைப் பின்வந்தோர் காத்தமையாலன்றோ, அக்கால்வாய் நூற்றாண்டுகள் தாண்டியும் ஹாஜிகளின் தாகம் தீர்த்தது!

தேங்கிய நீரில் சிறுநீர் கழித்தலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததும், ஏறத்தாழ இரு கையளவே கொண்ட ஒரு முத்து நீரில் தாம் ஒளூச் செய்து காட்டியதும், நீரைப் பேணும் கடமையை நமக்கு உணர்த்தவில்லையா?

ஆகவே, நீர்த் தர்மம் செய்ய எண்ணுவோர் இரண்டு பங்குகளாக எண்ணுவார்களாக: ஒன்று அமைப்பதற்கு, மற்றொன்று காப்பதற்கு. பள்ளிவாசலின் விரிந்த கூரையில் விழும் மழைநீர் வீணே ஓடாமல் தொட்டியில் சேர ஜமாஅத்தார் ஆவன செய்யலாம். குளத்தையும் பம்பையும் மாதந்தோறும் பார்வையிட இருவரை நியமிக்கலாம். அதற்கெனச் சிறுதொகையைத் தனியே ஒதுக்கலாம். நாளை வெள்ளமோ வறட்சியோ வரினும், நம் பிள்ளைகளின் உதடுகள் உலராதிருக்க அதுவே வழி.

தொடர்ந்து ஓடும் தர்மத்தைச் செய்யவும், அதனைக் காக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.