இணைந்த கம்பெனிகள், இறங்கிய சம்பளம்

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இரண்டு பெரிய லாரி கம்பெனிகள் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. ஒன்று, 1966இல் தொடங்கிய ஸ்விஃப்ட். மற்றொன்று, அங்கே வேலை கற்று வெளியே வந்த நைட் குடும்பத்தார் 1990இல் தொடங்கிய நைட். இரண்டும் ஒன்றாகப் போவதாக 2017 ஏப்ரல் 10ஆம் தேதி அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி இணைப்பு முடிந்தது. சுமார் 23,000 லாரிகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி டாலர் வருமானம். பங்குதாரர்களுக்கு இந்த எண்கள் போதுமானவை. ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குப் போதாது. மைலுக்கு எத்தனை சென்ட், வாரத்துக்கு எத்தனை மைல், எத்தனை நாளுக்கு ஒருமுறை வீடு என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால்தான் அவர் வீட்டு வாடகையைப் பற்றி யோசிக்க முடியும்.

இந்த மூன்றில் முதல் கேள்விக்குத்தான் கம்பெனிகள் உடனே பதில் சொல்கின்றன. "உங்கள் மைல் ரேட்டில் மாற்றம் இல்லை" என்று கடிதம் வரும். சில இடங்களில் ஒரு சென்ட், இரண்டு சென்ட் ஏற்றியும் கொடுப்பார்கள். கடிதத்தில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் டிரைவரின் வருமானத்தைத் தீர்மானிப்பது மற்ற இரண்டு கேள்விகள். அவற்றுக்கு எழுத்தில் பதில் வருவது அபூர்வம்.

அமெரிக்க நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலோருக்கு மைல் கணக்கில்தான் கூலி. மைலுக்கு 60 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 2,500 மைல் ஓடினால் 1,500 டாலர். மைல் 2,000 ஆகக் குறைந்தால் 1,200. ரேட்டை இரண்டு சென்ட் உயர்த்திவிட்டு 2,000 மைல் கொடுத்தால் 1,240. காகிதத்தில் சம்பள உயர்வு, கையில் 260 டாலர் குறைவு. எந்த மைல் என்பதிலும் சிக்கல் உண்டு. வீட்டுச் சாமான் மாற்றும் தொழிலுக்காகத் தயாரித்த பழைய தூரப் பட்டியலை வைத்துக் கூலி போடும் கம்பெனிகள் பல. இரு அஞ்சல் பகுதிகளுக்கு இடையே அந்தப் பட்டியல் சொல்லும் தூரம், வண்டி உண்மையில் ஓடும் தூரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த வித்தியாசத்தை டிரைவர் இலவசமாக ஓட்டுகிறார். ஒரு பட்டியலில் கூலி வாங்கியவர் இணைப்புக்குப் பின் வேறொரு பட்டியலுக்கு மாறினால், ரேட் மாறாமலே சம்பளம் மாறிவிடும்.

இதற்கு மேல் ஓவர்டைம் கேட்கலாமே என்று தோன்றும். கேட்க முடியாது. மணிக்கணக்கில் உழைப்பவருக்கு ஓவர்டைம் தந்த 1938ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரி டிரைவரை அந்த உரிமைக்கு வெளியே நிறுத்தியது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த விலக்கு நீங்கவில்லை. இந்தத் தொழிலின் பெரும் அநியாயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். காத்திருக்கும் நேரத்துக்கு விலை இல்லாதபோது, அந்த நேரத்தைச் சுருக்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

வேலை நேரத்துக்கு வரம்பு மட்டும் உண்டு. பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் வேலை தொடங்கினால் அடுத்த 14 மணி நேரத்துக்குள், அதிலும் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். நாள்தோறும் ஓடும் கம்பெனிகளில் எட்டு நாளில் 70 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் ஓட்டக் கூடாது. 2017 டிசம்பரிலிருந்து என்ஜினோடு இணைந்த மின்னணுக் கருவி இதைக் கணக்கெடுக்கிறது. உயிர்காக்கும் விதி, தேவையான விதி. ஆனால் கிடங்கு வாசலில் லோடுக்காக ஐந்து மணி நேரம் நின்றால் அந்த ஐந்தும் 14இல் கழியும். முதல் இரண்டு மணி நேரக் காத்திருப்புக்குப் பொதுவாகக் கூலி கிடையாது. அதன் பிறகு கிடைப்பதும் சொற்பம். போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் 2018இல் கணக்குப் போட்டுப் பார்த்தது: இந்தக் காத்திருப்பால் முழு லோடு ஓட்டும் டிரைவர்கள் ஆண்டுக்கு இழக்கும் கூலி 110 கோடி முதல் 130 கோடி டாலர். காத்திருப்பு சராசரியாக 15 நிமிடம் கூடினால் விபத்து வாய்ப்பு 6.2 விழுக்காடு ஏறும் என்றும் அந்த அறிக்கை சொன்னது. இழந்த நேரத்தைப் பிடிக்க வேகம் கூடும், அல்லது தூக்கம் குறையும்.

இந்த இடத்தில்தான் இணைப்பு டிரைவரைத் தொடுகிறது. எந்தக் கிடங்கில் ஒரு மணி நேரத்தில் விடுவார்கள், எந்தக் கிடங்கில் நாளை விழுங்குவார்கள் என்று பழைய டிரைவருக்குத் தெரியும். அவருக்கு லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சருக்கு அவரைத் தெரியும்: வியாழன் இரவு வீட்டுப் பக்கம் திருப்பிவிட வேண்டும், பனிமலைப் பாதையில் நன்றாக ஓட்டுவார், காலி வண்டியாக இருநூறு மைல் அனுப்பினால் கோபப்படுவார். இந்தப் பரிச்சயத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பு இல்லை. அதனால் இணைப்பின்போது முதலில் போவதும் இதுதான். இரண்டு டிஸ்பாட்ச் அறைகள் ஒன்றாகும். ஐம்பது பேருக்கு மேல் ஒருவர் பார்ப்பார். பெயர் போய் வண்டி எண் வரும். வீட்டருகே இருந்த டெர்மினல் "இரட்டிப்பு" என்று மூடப்பட்டால், சர்வீஸுக்கு வண்டி விடவும் சொந்தக் கார் நிறுத்தவும் கூலியில்லாமல் அறுபது மைல் போக வேண்டியிருக்கும்.

நைட், ஸ்விஃப்ட் முதலாளிகளுக்கு இந்த ஆபத்து புரிந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். இரு பெயர்களையும், இரு டிரைவர் படைகளையும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டு, டீசல், டயர், வண்டி வாங்குவது போன்றவற்றில் மட்டும் சேர்ந்து சிக்கனம் தேடினார்கள். 2023 ஜூலையில் யு.எஸ். எக்ஸ்பிரஸ் கம்பெனியை வாங்கியபோதும் அந்தப் பெயரை அழிக்கவில்லை. பெரிய முழு லோடு கம்பெனிகளில் ஆண்டுதோறும் நூற்றுக்குத் தொண்ணூறு டிரைவர்கள் மாறிக்கொண்டிருப்பது பல ஆண்டுகள் சாதாரணமாக இருந்த தொழில் இது. பிடிக்கவில்லை என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த கேட்டுக்குப் போய்விடுவார்கள். யூனியன் இல்லாத இடத்தில் டிரைவருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அது.

யூனியன் இருந்த இடத்தில் என்ன நடந்தது? அந்தக் கதை நீளமானது, வேதனையானது.

யெல்லோ, ரோட்வே என்ற இரண்டும் சில்லறைச் சரக்குக் கம்பெனிகள். நம் ஊர்ப் பார்சல் சர்வீஸ் போலப் பலருடைய சரக்கை ஒரே வண்டியில் சேர்த்து, டெர்மினல் டெர்மினலாக இறக்கி ஏற்றிக் கொண்டு போவார்கள். யெல்லோவின் வேர் 1920களின் ஓக்லஹோமா; ரோட்வேயின் வேர் 1930இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரம். இரண்டிலும் டீம்ஸ்டர்ஸ் யூனியன் பலமாக இருந்தது. நல்ல சம்பளம், கம்பெனிப் பணத்தில் மருத்துவக் காப்பீடு, பென்ஷன். எந்த வழி, எந்த நேரம் என்பதைச் சீனியாரிட்டிப்படி டிரைவரே தேர்ந்தெடுக்கலாம். இருபது ஆண்டு இரவில் ஓட்டியவர் கடைசிப் பத்தாண்டுகளைப் பகலில் ஓட்டலாம் என்பதே அந்த வேலையின் பெரிய வாக்குறுதி.

2003 கடைசியில் சுமார் 100 கோடி டாலருக்கு ரோட்வேயை யெல்லோ வாங்கியது. 2005இல் 137 கோடி டாலர் கொடுத்து யு.எஸ்.எஃப் என்ற பிராந்தியக் கம்பெனிகளின் குழுமத்தையும் வாங்கியது. பெரும் கடன் சேர்ந்தது. 2008இல் பொருளாதாரம் சரிந்து சரக்கு வற்றியபோது வட்டி மட்டும் வற்றவில்லை. அந்த நெருக்கடியின் நடுவே, 2009 வசந்த காலத்தில், யெல்லோ, ரோட்வே இரண்டின் போக்குவரத்து வலையையும் ஒன்றாக்கினார்கள். டெர்மினல்கள் மூடப்பட்டன, சரக்குகள் தாமதமாயின. பாதுகாப்புக்காகத் தன் சரக்கை இரண்டு கம்பெனிக்கும் பிரித்துக் கொடுத்துவந்த வாடிக்கையாளர், இரண்டும் ஒன்றானதும் ஒரு பாதியை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டார். இரண்டைக் கூட்டினால் இரண்டு வரவில்லை.

அந்த ஓட்டையை அடைத்தது டிரைவர்களின் சம்பளம். 2009 ஜனவரியில் பத்து விழுக்காடு வெட்டு. அதே ஆண்டு கோடையில் மேலும் ஐந்து. கம்பெனி கட்ட வேண்டிய பென்ஷன் பங்கு நிறுத்தப்பட்டது. 2011இல் மீண்டும் கட்டத் தொடங்கியபோது பழைய அளவில் கால் பங்குதான் கட்டினார்கள். 2014இல் சலுகைகளை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை உறுப்பினர்கள் முதலில் வாக்களித்து நிராகரித்தார்கள். கம்பெனி மூழ்கிவிடும் என்ற எச்சரிக்கைக்கு நடுவே சில வாரங்களில் மறு வாக்கெடுப்பு நடந்து, ஒப்புக்கொண்டார்கள். ஒரு டிரைவர் தன் உழைப்புக் காலத்தின் மூன்றில் ஒரு பங்கை, தான் கையெழுத்திடாத ஒரு கடனுக்காகக் குறைந்த கூலியில் ஓட்டியிருக்கிறார். கம்பெனிக்கு இதைவிடப் பெரிய முதலீட்டை எந்த வங்கியும் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வங்கிக்கு வட்டி கிடைத்தது. இவர்களுக்குக் கிடைத்தது இன்னொரு ஆண்டு வேலை.

2020இல் கொரோனா நிவாரணச் சட்டத்தின்கீழ் அரசு 70 கோடி டாலர் கடன் கொடுத்துக் கம்பெனியைத் தாங்கிப் பிடித்தது. அடுத்து வந்தது, மிச்சமிருந்த பிராந்தியக் கம்பெனிகளையும் ஒரே வலையாக்கும் "ஒன் யெல்லோ" திட்டம். 2022இல் மேற்கு மாநிலங்களில் அது நடந்தது. இரண்டாம் கட்டத்துக்கு 2023இல் யூனியன் மறுத்துவிட்டது. காரணம், சம்பளம் மட்டுமல்ல. புதிய அமைப்பில் நெடுந்தூர டிரைவர்களில் ஒரு பகுதியினர் ஓட்டிப் போன இடத்தில் இறங்கி, தளத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையும் செய்ய வேண்டும். ஐம்பத்தைந்து வயதில், சீனியாரிட்டியால் அந்தத் தளத்திலிருந்து விடுபட்டவரைத் திரும்ப ஃபோர்க்லிஃப்ட்டில் உட்காரச் சொல்வது, பிறகு அதே இரவு வண்டியையும் ஓட்டச் சொல்வது எப்படிப்பட்டது என்று நிர்வாகம் யோசித்திருக்க வேண்டும்.

கம்பெனி யூனியன் மீது வழக்குப் போட்டது. ஜூலையில் மருத்துவ, பென்ஷன் நிதிகளுக்குக் கட்ட வேண்டிய சுமார் 5 கோடி டாலர் தவணையைக் கட்டவில்லை. வேலைநிறுத்த அபாயம் கடைசி நேரத்தில் விலகினாலும் வாடிக்கையாளர்கள் அதற்குள் சரக்கைத் திருப்பிவிட்டார்கள். ஜூலை 30ஆம் தேதி ஓட்டம் நின்றது. ஆகஸ்ட் 6ஆம் தேதி திவால் மனு. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் சுமார் 22,000 பேர் யூனியன் உறுப்பினர்கள்.

யூனியனின் பிடிவாதம்தான் கம்பெனியைக் கொன்றது என்று அப்போது பலர் எழுதினார்கள். இரண்டாம் கட்டம் நடந்திருந்தால் சில மாதங்கள், ஒருவேளை சில ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் பதினான்கு ஆண்டுகளாக விட்டுக்கொடுத்தவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2003இலும் 2005இலும் கடன் வாங்கிக் கம்பெனிகளை வாங்கிய முடிவுதான் கணக்கின் முதல் வரி.

திவாலுக்குப் பின் டெர்மினல்கள் ஏலத்துக்கு வந்தன. போட்டிக் கம்பெனிகள் ஆர்வத்தோடு வாங்கியதில், ஏலத்தின் முதல் பெரிய சுற்றிலேயே ஏறத்தாழ 190 கோடி டாலர் சேர்ந்தது. அரசுக் கடன் வட்டியோடு திரும்பியது. டிரைவர்கள் பலர் சேர்ந்திருந்த சென்ட்ரல் ஸ்டேட்ஸ் பென்ஷன் நிதியையும், மூடலுக்கு முன்பே, 2022 டிசம்பரில், அரசு சுமார் 3,600 கோடி டாலர் ஒதுக்கிக் காப்பாற்றியிருந்தது. இல்லாவிட்டால் ஓய்வுபெற்றவர்களின் கதி மோசமாகியிருக்கும்.

வேலை இழந்த டிரைவர்களுக்கு வேறு இடம் கிடைக்காமல் இல்லை. கை தேர்ந்தவர்களை அந்த ஆண்டு பல கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. சீனியாரிட்டி மட்டும் கூட வரவில்லை. முப்பது ஆண்டு ஓட்டியவர் புதிய கம்பெனியின் பட்டியலில் கடைசிப் பெயர். பண்டிகை நாளில் கூப்பிட்டாலும், நள்ளிரவில் கூப்பிட்டாலும் முதலில் போக வேண்டியவர் அவர்தான். விடுமுறை தேர்ந்தெடுக்கும்போது கடைசியில் மிஞ்சும் வாரம் அவருக்கு.