கருத்தரிப்பும் கருத்தடையும்: ஓரறிவின் இரு பயன்கள்

மகப்பேறு வேண்டி மருத்துவரை நாடுவோரும், மகப்பேற்றைத் தள்ளிவைக்க விரும்பி அவரை நாடுவோரும் எதிரெதிர்த் திசையிற் செல்வோர் போலத் தோன்றுவர். ஒருவர் வேண்டுவது பேறு. மற்றவர் வேண்டுவது தடை. ஆதலின், இவ்விரண்டிற்கும் உரிய மருத்துவங்கள் வெவ்வேறு ஆராய்ச்சிகளினின்றும் பிறந்தனவாதல் வேண்டும் எனப் பலர் கருதுவர். வரலாறோ வேறுவிதமாகச் சான்று பகர்கின்றது. இரண்டும் ஓரறிவின் இரு பயன்களே. அவ்வறிவை வளர்த்தோருட் சிலர் இரு துறைக்கும் ஒருங்கே உழைத்தவர்கள்.

பெண்மகவு பிறக்கும்பொழுதே அதன் சூலகங்களில் 10 முதல் 20 இலட்சம் வரையான முதிராத முட்டைகள் அமைந்துள்ளன. பூப்பெய்துங் காலத்தில் எஞ்சுவன மூன்று அல்லது நான்கு இலட்சமே. அவற்றுள்ளும் முதிர்ந்து வெளிப்படுவன ஏறக்குறைய 400 மட்டுமே. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி விடுக்கும் ஓமோன்களே முட்டையை முதிர்வித்து வெளிப்படுத்துகின்றன. முட்டை நீங்கியபின் அஃதிருந்த பை மஞ்சள் நிறமான சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்ரரோன் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. அது கருவை ஏற்பதற்குக் கருப்பையின் உட்சுவரை ஆயத்தஞ் செய்கின்றது. அதே வேளையில் வேறொரு முட்டை வெளிப்படாவண்ணம் கபச்சுரப்பியையும் அடக்குகின்றது. கருவுற்ற பெண் அக்கருவிருக்க மீண்டுங் கருவுறாமைக்கு இவ்வடக்கமே முதற்காரணம். கருவை வளர்க்கும் பொருளே கருவைத் தடுக்கும் பொருளாகவும் அமைதல் இயற்கையின் ஏற்பாடு.

காலக்கணக்கும் இத்தகையதே. வெளிப்பட்ட முட்டை கருவுறுந் தகுதியுடன் இருப்பது 12 முதல் 24 மணி நேரமே. விந்தணுவோ பெண்ணுடலில் 5 நாள் வரை உயிர்தரிக்க வல்லது. ஆகவே, ஒரு மாதவட்டத்திற் கருத்தரித்தற்குரிய நாட்கள் ஏறக்குறைய ஆறேயாம். அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்கள் முன்னர் முட்டை வெளிப்படும் என்னும் உண்மையை யப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஒகினோ 1924 இல் வெளியிட்டார். மகவு விழைவோர்க்கு அது துணையாதல் வேண்டும் என்பதே அவர் கருத்து. மற்றையோர் அக்கணக்கைக் கருத்தடைக்குப் பயன்படுத்தினர். அப்பயனை அவர் ஏற்றிலர். எனினும் அம்முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

இவ்விரு பயன்களும் ஒருவர் கையிலேயே கூடியமைக்கு அமெரிக்க மருத்துவர் யோன் றொக் தக்க சான்றாவார். பொஸ்ரன் நகரை அடுத்த புறுக்லைனில் மகப்பேறின்மைக்கு மருத்துவஞ் செய்து வந்த அவர், மிரியம் மெங்கின் என்னும் அம்மையாருடன் 1938 முதல் உழைத்து, மனித முட்டை உடலுக்குப் புறத்தே கருவுற்றதை 1944 இல் வெளியிட்டார். பின்னர், மகப்பேறற்ற 80 பெண்களுக்கு ஈஸ்திரஜனையும் புரோஜெஸ்ரரோனையும் சில திங்கள் கொடுத்து முட்டை வெளிப்படாது தடுத்தார். மருந்தை நிறுத்தியபின் அவருள் 13 பேர் கருவுற்றனர். அதே காலத்திற் கிறகரி பிங்கசும் மின் சூயே சாங்கும் முயல்களிற் புரோஜெஸ்ரரோன் முட்டையைத் தடுக்குமாற்றை ஆராய்ந்துகொண்டிருந்தனர். றொக்கும் அவர்களும் கூடியதன் பயனே கருத்தடை மாத்திரை. 1957 இல் மாதவிடாய்க் கோளாறுகளுக்கு இசைவு பெற்ற அம்மாத்திரை, 1960 இற் கருத்தடைக்கும் இசைவு பெற்றது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1959 இலேயே, புறத்தே கருவுற்ற முட்டையிலிருந்து முயற்குட்டிகள் பிறக்கச் செய்தார் சாங்.

மாத்திரை கபச்சுரப்பியை அடக்குவது. குளோமிபீன் என்னும் மருந்தோ, ஈஸ்திரஜனின் அடக்கத்தை மறைத்து அச்சுரப்பியைத் தூண்டுவது. தடையும் தூண்டலும் ஒரே கடிவாளத்தை இறுக்குதலும் தளர்த்துதலும் போல்வன. இங்கிலாந்தில் றொபேட் எட்வேட்ஸ், பற்றிக் ஸ்ரெப்ரோ, ஜீன் பேடி ஆகியோரின் முயற்சியால், புறத்தே கருவுற்ற முதற் குழந்தையாகிய லூயிஸ் பிறவுண் 1978 யூலை 25 இற் பிறந்தாள். விந்தணு ஒன்றையே ஊசியால் முட்டையுட் செலுத்தும் முறையிற் பிறந்த மகவுகள் பற்றி 1992 இற் பெல்ஜியத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. பின்னைய முறை ஆண்பாற் குறைக்கே பெரிதும் மருந்தாயிற்று. மகப்பேறின்றி வருந்தும் இணையருள் ஏறக்குறையப் பாதியளவினர்க்கு, ஆணிடத்துள்ள குறை தனித்தோ பெண்ணிடத்துள்ள குறையுடன் கூடியோ காரணமாகின்றது. ‘மலடி’ என்ற சொல் வழங்கிய அளவிற்கு ‘மலடன்’ என்ற சொல் வழங்காமை உடலியலின் தீர்ப்பன்று, ஊராரின் தீர்ப்பேயாம்.

இவ்வரலாற்றில் மறைக்கலாகாத குறையொன்றும் உண்டு. 1956 இற் கருத்தடை மாத்திரை பேரளவிற் சோதிக்கப்பட்டது, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவேட்டோ றிக்கோத் தீவின் வறிய பெண்களிடத்தேயாகும். மாத்திரை கருவைத் தடுக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அஃது இன்னுஞ் சோதனையில் உள்ளது என்பது சொல்லப்படவில்லை. மருந்தின் அளவோ பிற்காலத்து மாத்திரைகளினும் பன்மடங்கு மிகுதி. தலைச்சுற்றும் குமட்டலும் தலைவலியும் பலரை வருத்தின. சோதனையை நடத்திய மருத்துவர் எட்றிஸ் றைஸ்-றே அம்மையார் இவற்றைக் கண்டு, மருந்து ஏற்கத்தக்கதன்று என அறிவித்தார். பிங்கஸ் அதனைப் பெரிதாகக் கொண்டிலர்.

அறிவு ஒன்றே, அதன் பயன் பேறாகலாம், தடையுமாகலாம். இரண்டனுள் எது வேண்டும் என்று தெளிதல் மகவைச் சுமக்கும் உடலுக்குரியாரின் உரிமை. அவ்வுரிமை, மெய்யை முழுவதும் அறிந்தார்க்கே பயன்தரும். மருந்தைக் கையிற் கொடுத்து அறிவை மறைத்தல், விளக்கைக் கொடுத்துச் சுடரை அவித்தலோடொக்கும்.