பால்வினைநோய்த் தடுப்பும் பெயர் வழக்கும்

பால்வினைநோய் பற்றுவது செயலால், பெயரால் அன்று. எனினும் தடுப்புரை கேட்பாரைச் சென்று சேர்வது பெயர்வழியே ஆதலின், இப்பொருள் சொல்லாராய்ச்சியார்க்கும் உரியதென யாம் கருதுகின்றோம்.

1990களில் பொதுநல மருத்துவர் 'ஆடவரொடு உறவுகொள்ளும் ஆடவர்' என்னும் தொடரை வழங்கலாயினர். தனி அடையாளம் எதனையும் ஏலாது, மணந்து இல்லறம் நடத்துவாரையும் அது தழுவிற்று. அஃது அதன் நலம். ஆயின் திருநங்கையரையும் அத்தொடருள்ளேயே நெடுங்காலம் அடக்கி எண்ணினர். தம்மை ஆடவர் எனக் கொள்ளாதார், ஆடவர்க்கு விடுத்த அழைப்பைத் தமக்குரியதாகக் கொள்வது யாங்ஙனம்? உலக சுகாதார நிறுவனம் 2014-இல் வெளியிட்ட எச்.ஐ.வி. வழிகாட்டு நெறிகள் இருசாராரையும் வேறு வேறாகவே வைத்தன.

திருநம்பியர் நிலை இதன் மறுதலை. கருப்பைவாய் உடைய திருநம்பிக்கும் பாப்பிலோமா நச்சுயிரியால் விளையும் புற்றுநோயைக் காணும் சோதனை வேண்டும். 'மகளிர்க்கு மட்டும்' என்னும் பலகையோ அவரை வாயிலிலேயே நிறுத்திவிடும். 'கருப்பைவாய் உடையார் அனைவர்க்கும்' என்றெழுதின் அவ்விடர் இல்லை.

ஆண்மை திரிந்த பெயரைத் தொல்காப்பியர் உயர்திணைக்கண் வைத்தார். மருத்துவமனை வரிசையில் 'அலி' என விளிப்பது அத்திணையினின்றே இறக்குவதாகும். அவ்விளி கேட்டவர் மீண்டும் வருதல் அரிது. புண் ஆறிய பின்னும் உள்ளுறைந்து வளரும் சிபிலிசு, குருதிச் சோதனைக்கு வாராதாரிடத்தே மறைந்து நிற்கும்.