மோட்டார் வண்டியின் பின்வில்லும் ரப்பர்ப் புஷ்களும்

தஞ்சைச் சீமையில் முற்காலத்து மிராசுதார்கள் ஏறிச் சென்ற வாகனத்திற்கு வில் வண்டி என்று பெயர். நெல் மூட்டை ஏற்றும் கட்டை வண்டியில் பாரம் அச்சின்மேல் நேரே அமர்ந்திருக்கும். வில் வண்டியிலோ, அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் நின்று, பள்ளம் மேடுகளின் அதிர்ச்சியைத் தாம் ஏற்றுக்கொள்ளும். இங்கிலாந்தில் 1804-ஆம் ஆண்டில் ஒபதியா எலியட் என்பவர் குதிரை வண்டிகளுக்கென இத்தகைய வில்லமைப்புக்கு உரிமை பெற்றார். அதே வில் பின்னர் மோட்டார் வண்டியிலும் குடிபுகுந்தது. வங்காளத்து உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டுவந்த அம்பாசடர் வண்டியின் பின்புறத்தைத் தாங்குவனவும் இப்பட்டை விற்களே.

வில்லின் இரு நுனிகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கண் என்பர். முன்கண் வண்டியின் உடலோடு ஆணியால் பிணைக்கப்பட்டிருக்கும். பின்கண்ணோ, ஷேக்கிள் என்னும் சிறு தொங்கலில் ஊஞ்சல்போல் ஆடும். அது ஏன் எனில், பாரம் விழும்போது வளைந்த வில் நிமிர்ந்து நீள்கின்றது. அந்நீட்சிக்கு இடம் வேண்டுமன்றோ? இரும்பும் இரும்பும் உராயாதபடி, ஆணிக்கும் கண்ணுக்கும் நடுவே ரப்பர்ப் புஷ் வைக்கப்படுகிறது. அது வழுக்குவதில்லை, உள்ளே ஆணியையும் வெளியே கண்ணையும் இறுகப் பற்றிக்கொண்டு, தன் உடலே சற்று முறுகி மீள்கின்றது. ஆதலின் அதற்கு எண்ணெய் வேண்டுவதில்லை. எஞ்சின் எண்ணெயும் கிரீஸும் இயற்கை ரப்பரை ஊதிப் பருக்கச் செய்து கெடுத்துவிடும்.

வெப்பத்தாலும் காற்றாலும் நாளடைவில் ரப்பர் வெடித்துத் தேய்கிறது. பள்ளத்தில் இறங்குந்தோறும் பின்னே 'டொக்' என்னும் ஓசை கேட்டல் அதன் முதல் அறிகுறி. பின் அச்சு தன் இடத்தில் நில்லாது அசைவதால், வளைவுகளில் வண்டியின் வால் ஒருபுறம் ஒதுங்கும். நம் நாட்டுச் சாலைகள் பல ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் செல்வன. ஒருபுறம் நீரும் மறுபுறம் தாழ்ந்த வயலுமாயிருக்கும் இடத்தில், ஒரு சாண் ஒதுக்கமும் உயிருக்கு இடராகலாம்.

ஷேக்கிளின் புஷ்களை வீட்டிலேயே மாற்றுதல் இயலும். ஆயினும் வண்டியின் கீழ்ப் புகுமுன் ஓர் உண்மையை உணர்தல் அவசியம். அம்பாசடரில் கைப்பிரேக்கு பின்சக்கரங்களையே பிடிக்கிறது. கியரும் அவற்றையே பிடிக்கிறது. பின்சக்கரங்கள் மேலே தூக்கப்பட்டபின் அவ்விரண்டாலும் பயனில்லை. எனவே, சமமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கேயன்றித் தாங்குவதற்கன்று. உடலின் உறுதியான பாகத்தில் இருபுறமும் இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்த பின்னரே கீழே கை நீட்டலாம். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தல் கூடவே கூடாது. அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

துருவேறிய நட்டுகளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் இட்டு வைப்பது நலம். வழிந்ததைப் பின்னர்த் துடைத்துவிடுக. மற்றொரு ஜாக்கியை அச்சின்கீழ் வைத்து, வில் தொங்காமலும் அழுந்தாமலும் நிற்குமாறு உயர்த்துக. ஒரு பக்கத்தை முடித்தபின் மறுபக்கத்தைத் தொடுக; இரண்டையும் ஒருங்கே கழற்றினால் அச்சு நிலைபெயரும். நட்டுகளை நீக்கித் தகட்டை எடுத்து, பழைய ரப்பரை அகற்றி, கண்ணின் உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைக்கவேண்டும். ஆணியில் தேய்ந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டால் ஆணியையும் மாற்றுக. தேய்ந்த ஆணி புதிய ரப்பரை விரைவில் தின்றுவிடும். புதிய புஷ்ஷைச் சோப்பு நீரில் நனைத்தால் எளிதில் உட்புகும்.

பலர் தவறுவது இறுதிப் படியில்தான். வண்டி தூக்கப்பட்டிருக்கையில் நட்டுகளை முற்றும் முறுக்கிவிட்டால், ரப்பர் அந்நிலையையே தன் இயல்பு நிலையாகப் பற்றிக்கொள்ளும். வண்டியை இறக்கியவுடன் அது முறுகி, நிற்கும்போதும் ஓய்வின்றி இழுபட்டு விரைவில் கிழியும். ஆகையால் முதலில் இளக முடுக்கி, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இருமுறை அசைத்துவிட்டு, அதன்பின்பே முழுதும் முறுக்குக. சில நாள் ஓட்டியபின் மறுமுறையும் நட்டுகளைச் சோதித்தல் வேண்டும்.

இரும்பு உறையோடு அழுத்திச் செருகப்பட்ட புஷ்கள் வேறு வகையின. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் அவையே உள்ளன. அவற்றை வெளித்தள்ள அழுத்தப் பொறி தேவையாதலின், சுத்தியலால் அடித்துப் பாராமல் பட்டறைக்கு அனுப்புவதே அறிவுடைமை.

வண்டியின் பளபளப்பைக் காண்போர் பலர். அதன் கீழே இருளில் முறுகி மீளும் விரற்கடை ரப்பரைக் காண்போர் சிலர். வளைவில் வண்டியை வழிதவறாது நிறுத்துவது பின்னதே. வாய்க்கால் கரையில் வண்டி ஓட்டுவோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குனிந்து அதனைப் பார்ப்பாராக.