பின்சில்லு உந்தும் காரும் இளஞ்சாரதியும்

மோட்டார் வண்டிகளுட் சில பின்சில்லுகளால் உந்தப்படுவன. 1989ஆம் ஆண்டில் யப்பானிய மஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்.-5 என்னும் இருவர் அமரும் ஸ்போட்ஸ் கார் அவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதன் பாரம் குறைவு. அப்பாரமும் முன்பின் அச்சுகளில் ஏறக்குறைய ஒப்பப் பகிரப்பட்டுள்ளது. ஆதலின் முதன்முறை இவ்வகை வண்டியை நாடும் இளைஞர்க்கு அது ஏற்றது.

ரயர் தரையைப் பற்றும் ஆற்றல் ஓர் எல்லைக்கு உட்பட்டது. திருப்புதல், உந்துதல், நிறுத்துதல் ஆகிய மூன்றும் அவ்வாற்றலையே பகிர்ந்துகொள்கின்றன. வளைவின் நடுவே ஆர்முடுக்கியை மிக அழுத்தினால், பின்சில்லுகள் பக்கப்பிடியை இழந்து வண்டியின் பின்புறம் வெளியே வழுக்கும். அஞ்சித் திடீரெனக் காலை எடுத்தாலோ, பாரம் முன்னே சாய்தலின் பின்பிடி மேலும் தளரும். எனவே வளைவை அணுகுமுன் நேர்வழியிலேயே வேகத்தைத் தணித்தல் வேண்டும்; வளைவினுள்ளே கையும் காலும் மெல்லென இயங்குதல் வேண்டும். பின்புறம் வழுக்குமாயின், அது வழுக்குந் திசைக்கே சுக்கானைத் திருப்பி, கண்ணைச் செல்லவேண்டிய வழியில் நிறுத்துதல் முறையாகும்.

வேகம் இருமடங்காயின், அதே வளைவிற்கு வேண்டிய பக்கவிசை நான்மடங்காகும். நனைந்த தெருவிலோ உராய்வு குறையும். பிற்கால வண்டிகளிலுள்ள மின்னணுக் காப்புகள் சாரதிக்கு உதவலாம். இயற்கை விதியை அவை மாற்றா. ஆதலின் எஞ்சினின் வலுவைப் பெருக்க எண்ணும் இளைஞன், அப்பணத்தை நல்ல ரயர்களுக்கும், போக்குவரத்தில்லாத பயிற்சித் திடலில் தக்க ஆசானிடம் பயில்வதற்கும் செலவிடுதல் நன்று. அருகில் அமர்ந்திருப்பவரின் உயிரும் அவன் கையிலேயே உள்ளது.