வலித் தைலம்: தடவலாம், வாயில் படக் கூடாது

நாளெல்லாம் கரும்பு வெட்டினால் தோள்பட்டை விண்விண் என்று தெறிக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கம் அதற்குக் கைவைத்தியம் வலித் தைலம்தான். மூடியைத் திறந்ததும் சுர்ரென்று மூக்கில் ஏறும் அந்த இனிப்பு வாசனை பல தைலங்களில் மெத்தில் சாலிசிலேட்டால் வருவது. இது ஓர் எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் பொருள்).

இது எங்கே கிடைக்கிறது? நீலகிரியின் உயரமான பகுதிகளில் வளரும் வின்டர்கிரீன் செடியின் இலையில். இலையைச் சும்மா முகர்ந்தால் பெரிதாக மணக்காது. கசக்கினால்தான் மணம் கிளம்பும். அதைக் காய்ச்சி வடிக்கும் எண்ணெயில் 95 சதவீதத்துக்கு மேல் இந்த எஸ்டர்தான்.

கடைத் தைலமும் இலையில் எடுத்ததா? பெரும்பாலும் இல்லை. சாலிசிலிக் அமிலத்தையும் மெத்தனாலையும் சேர்த்து ஆலையில் தயாரிக்கிறார்கள்.

மெத்தனாலா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயத்தில் கலந்து உயிர்களைப் பறித்ததே, அதுவா? அதேதான். ஆனால் அமிலத்தோடு சேர்ந்தபின் அது வேறு பொருள். அளவோடு தோலில் தடவப் பயம் வேண்டாம்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? விழுங்கினால் உண்டு. சுத்தமான வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன் (5 மில்லி), இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். சிறு குழந்தையின் உயிரை எடுக்க அதுவே போதும். மிட்டாய் போல் மணப்பதால் குழந்தைகள் வாயில் வைத்துவிடுவார்கள். மூலிகை எண்ணெய் என்றாலும் இதே கதைதான்.

தடவும்போது எதைக் கவனிக்க வேண்டும்? புண், சிராய்ப்பு மேல் தடவாதீர்கள். தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். சூட்டில் மருந்து உடம்புக்குள் அதிகம் இறங்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தடவக் கூடாது.

குழந்தை குடித்துவிட்டால்? வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். தைலக் குப்பியையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். வாந்தி, காதில் இரைச்சல், வேகமான மூச்சு எல்லாம் சற்றுத் தாமதமாகத் தெரியலாம். கல்வராயன் மலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கி வரவே நேரமாகும். அதனால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுத் தைலக் குப்பி இப்போது எங்கே இருக்கிறது? தலைமாட்டிலோ ஜன்னல் திட்டிலோ இருந்தால், மூடியை இறுக்கிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இன்றே வைத்துவிடுங்கள்.